இதயம் நின்று மீண்டவரைக் குளிர்விக்கலாமா?

மாரடைப்பும் இதயநிறுத்தமும் ஒன்றல்ல. இதயத் தசைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் நாளம் அடைபட்டு அத்தசையின் ஒரு பகுதி பட்டுப்போவது மாரடைப்பு. அப்போதும் இதயம் பெரும்பாலும் துடித்துக்கொண்டுதான் இருக்கும். இதயநிறுத்தத்திலோ, கீழறைகள் ஒழுங்கிழந்து வெறுமனே அதிர்வதாலோ, மின்துடிப்பே அற்றுப்போவதாலோ, இரத்தம் வெளித்தள்ளப்படுவது முற்றாக நின்றுவிடுகிறது. மாரடைப்பு அதன் காரணங்களுள் ஒன்று. மார்பை அழுத்தியும் மின்னதிர்ச்சி கொடுத்தும் துடிப்பை மீட்டெடுத்த பின்னரும் நோயாளிகளுள் பலர் கண் விழிப்பதில்லை. மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்று, மீட்கப்பட்டு, தீவிர சிகிச்சைப் பிரிவை வந்தடைந்த பின் இறப்பவர்களில் பெரும்பாலோரின் இறப்புக்குக் காரணம் இதயமன்று, மூளைக்கு நேர்ந்த சேதமே. அச்சேதத்தைக் குறைப்பதற்காக நோயாளியின் உடல் முழுவதையுமே ஏறத்தாழ ஒரு நாள் குளிரவைக்கும் சிகிச்சை 2002க்குப் பின் உலகின் பல நாடுகளில் விதியாகவே ஆகி, அதன்பின் வந்த பெரிய ஆய்வுகளால் மெல்ல மெல்லப் பின்வாங்கியிருக்கிறது.

மூளையின் எடை உடல் எடையில் ஏறத்தாழ 2 சதவீதம். ஓய்வில் உடல் செலவிடும் ஆக்சிஜனில் ஏறத்தாழ 20 சதவீதத்தை அதுவே எடுத்துக்கொள்கிறது. இவ்வளவு செலவு செய்யும் உறுப்பு, சேமிப்பு என்று எதையும் வைத்துக்கொள்வதில்லை. இரத்த ஓட்டம் நின்ற பத்துப் பதினைந்து வினாடிகளில் நினைவு தப்புகிறது. சில நிமிடங்களில், உயிரணுக்களுக்கு ஆற்றல் தரும் ஏடிபி என்னும் மூலக்கூறு தீர்ந்துபோகிறது. ஏடிபி இல்லையேல், நரம்பணுவின் சவ்வில் நின்று சோடியத்தை வெளியேற்றிப் பொட்டாசியத்தை உள்ளிழுக்கும் புரதங்கள் இயங்கா. அயனிகள் தம்போக்கில் பாய, சவ்வின் இருபுறமும் இருந்த மின்னழுத்த வேறுபாடு சரிந்து, ஒரு நரம்பணு அடுத்ததற்குச் செய்தி அனுப்பப் பயன்படுத்தும் குளுட்டமேட் என்னும் வேதிப்பொருள் அளவின்றி வெளியே கொட்டுகிறது. அந்தக் குளுட்டமேட் அடுத்த அணுவின் வாயில்களைத் திறந்துவிட, கால்சியம் உள்ளே புகுந்து, புரதங்களையும் கொழுப்புகளையும் சிதைக்கும் நொதிகளைத் தூண்டிவிடுகிறது.

இரத்த ஓட்டம் மீண்டாலும் இந்தத் தொடர் நின்றுவிடுவதில்லை. உயிரணுவின் ஆற்றல் நிலையங்களான மைட்டோகாண்ட்ரியாக்கள் பழுதுபட்டிருக்கும் வேளையில் திரும்பிவரும் ஆக்சிஜன், ஃப்ரீ ரேடிக்கல் எனப்படும், எதனோடும் வினைபுரியத் துடிக்கும் மூலக்கூறுகளாக மாறி, தான் காக்க வந்த அணுவையே தாக்குகிறது. அழற்சியும் வீக்கமும் பின்தொடர்கின்றன. 1982இல் ஜப்பானிய ஆய்வாளர் கிரினோ, ஜெர்பில் என்னும் சிறு பாலைநில எலிகளின் மூளைக்குச் செல்லும் இரத்தத்தைச் சில நிமிடங்கள் தடுத்து மீண்டும் விட்டபோது, நினைவாற்றலோடு தொடர்புடைய ஹிப்போகேம்பஸ் பகுதியின் நரம்பணுக்கள் உடனே சாகாமல், முதல் நாளில் பெரிய மாற்றமின்றித் தோன்றி, அடுத்த சில நாள்களில் மடிவதைக் கண்டார். சாவு உடனடியாக நிகழாமல் நாள்கணக்கில் நடக்கும் ஒரு செயல்முறையாக இருக்குமானால், அதன் நடுவில் மருத்துவர் புகுந்து தடுக்க இடமிருக்கிறது என்பதே பின்வந்த முயற்சிகள் அனைத்துக்கும் அடிப்படையான நம்பிக்கை. குளுட்டமேட்டைத் தடுக்கும் மருந்துகள், கால்சியம் வாயில்களை அடைக்கும் மருந்துகள், ஃப்ரீ ரேடிக்கல்களைப் பிடிக்கும் மருந்துகள் எனப் பல முயன்றுபார்க்கப்பட்டு, விலங்குகளில் வென்று மனிதரில் தோற்றன. குளிர் ஒன்றுதான், மேற்சொன்ன படிகளுள் ஏதோ ஒன்றை மட்டும் தொடாமல் எல்லாவற்றையும் ஒருசேர மந்தமாக்கும் தன்மை கொண்டதாகத் தெரிந்தது.

உடல் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் குறையும்போது மூளையின் வளர்சிதை மாற்றம், அதாவது ஆற்றல் செலவு, 6 முதல் 7 சதவீதம் வரை குறைகிறது. குளிரின் பயன் இவ்வளவுதான் என்றால், 37 டிகிரியிலிருந்து 33க்கு இறக்குவதால் கிடைப்பது ஏறத்தாழ கால் பங்குச் சிக்கனமே. அது பெரிய காப்பாகத் தோன்றாது. ஆனால் 1987இல் மயாமி பல்கலைக்கழகத்தில் புஸ்தோ, கின்ஸ்பெர்க் முதலானோர் எலிகளில் செய்த ஆய்வு, இரத்த ஓட்டம் தடைபட்டிருக்கையில் மூளையின் வெப்பம் இரண்டு மூன்று டிகிரி குறைந்தாலே நரம்பணுச் சேதம் வியக்கத்தக்க அளவில் குறைவதையும், ஏடிபி தீர்ந்துபோவது மட்டும் ஏறக்குறைய முன்போலவே நடப்பதையும் காட்டியது. தொடர்ந்த ஆய்வில், கொட்டப்படும் குளுட்டமேட்டின் அளவு வெகுவாகக் குறைந்திருப்பதும் தெரியவந்தது. எனவே குளிர், செலவைச் சுருக்குவதைவிட, அழிவின் சங்கிலியை அறுப்பதன் மூலமே வேலை செய்கிறது என்னும் கருத்து வலுப்பெற்றது. உடலை ஆபத்தான அளவுக்குக் குளிர்விக்க வேண்டியதில்லை, மிதமான குளிரே போதும் என்பது அக்கருத்தின் நடைமுறைப் பொருள்.

பனிநீரில் மூழ்கி மீண்டவர்களைப் பற்றிய செய்திகள் இந்த நம்பிக்கைக்கு உரமிட்டன. 1999இல் நார்வேயின் நார்விக் நகருக்கு அருகே, பனிச்சறுக்கின்போது ஓடையின் பனிப்படலத்துக்கு அடியில் சிக்கிக்கொண்ட இளம்பெண் மருத்துவர் ஒருவரின் உடல் வெப்பம் 13.7 டிகிரி வரை இறங்கியிருந்தும், துரோம்சோ மருத்துவமனையில் இதய நுரையீரல் இயந்திரத்தின் துணையால் இரத்தத்தைச் சூடேற்றி அவரை உயிர்ப்பித்தனர். அவர் மீண்டும் மருத்துவப் பணிக்கே திரும்பினார். இங்கே ஒரு வேறுபாட்டை மறக்கலாகாது. அவருடைய உடல் முதலில் குளிர்ந்து, பிறகுதான் இதயம் நின்றது. ஆக்சிஜன் தீர்வதற்கு முன்பே மூளை தன் தேவையைச் சுருக்கிக்கொண்டுவிட்டது. மருத்துவமனைக்கு வரும் நோயாளியின் நிலைமை இதற்கு நேர்மாறு: 37 டிகிரியில் இதயம் நின்று, சேதம் தொடங்கி, துடிப்பு மீண்டு, மணிக்கணக்கான நேரம் கழிந்தபின் குளிர் வருகிறது. முன்னதில் கண்ட அற்புதத்தைப் பின்னதற்குச் சான்றாகக் காட்டுவது, இத்துறையில் அடிக்கடி செய்யப்பட்ட, ஆனால் செய்திருக்கக் கூடாத தாவல்.

முன்கூட்டியே குளிர்விப்பதன் பயனை அறுவை மருத்துவர்கள் முதலில் அறிந்திருந்தனர். 1950இல் டொரண்டோவின் வில்ஃபிரட் பிகலோ, நாய்களைக் குளிர்வித்தால் ஆக்சிஜன் தேவை குறையும் என்றும், நடுக்கத்தைத் தடுத்தால் மட்டுமே அது நிகழும் என்றும் காட்டினார். 1952 செப்டம்பரில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஜான் லூயிஸ், குளிர்விக்கப்பட்ட ஐந்து வயதுச் சிறுமியின் இதயத்தைத் திறந்து அதன் சுவரிலிருந்த துளையைத் தைத்தார். 1950களின் இறுதியில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், இதயம் நின்று மீண்டவர்களுக்கும் குளிர் முயன்றுபார்க்கப்பட்டது. 1959இல் வெளிவந்த கட்டுரையின்படி குளிர்விக்கப்பட்ட 12 பேரில் பாதிப்பேர் பிழைத்தனர், குளிர்விக்கப்படாத 7 பேரில் ஒருவரே பிழைத்தார். செயற்கை முறை மூச்சூட்டலை உலகுக்குக் கற்பித்த பீட்டர் சாஃபர், 1964இல் தாம் வகுத்த உயிர்மீட்புப் படிநிலைகளில் குளிர்வித்தலையும் சேர்த்தார். ஆனால் அக்காலத்தில் கையாளப்பட்ட 30 டிகிரியை ஒட்டிய கடுங்குளிர், இதயத் துடிப்பைக் குலைத்தும் தொற்றுக்கு வழிவிட்டும் தொல்லை கொடுத்ததால் முறை கைவிடப்பட்டது. சாஃபரின் பிட்ஸ்பர்க் குழுவினர் 1980களின் பிற்பகுதியில் நாய்களில் மிதமான குளிரைச் சோதிக்கத் தொடங்கியபோதுதான் அது மீண்டும் பேசப்பட்டது.

2002 பிப்ரவரியில் ஒரே மருத்துவ இதழின் ஒரே இலக்கத்தில் இரண்டு ஆய்வுகள் வெளிவந்தன. மெல்பர்னில் ஸ்டீஃபன் பெர்னார்ட் தலைமையில் நடந்த ஆய்வில் 77 நோயாளிகள். ஒற்றைப்படைத் தேதியில் வந்தவர்கள் ஒரு குழு, இரட்டைப்படைத் தேதியில் வந்தவர்கள் மறு குழு என்று பிரித்து, ஒரு குழுவினரை ஐஸ் பைகளால் 33 டிகிரிக்கு இறக்கி 12 மணி நேரம் வைத்தனர். குளிர்விக்கப்பட்டவர்களில் 49 சதவீதத்தினரும் மற்றவர்களில் 26 சதவீதத்தினரும் வீட்டுக்கோ மறுவாழ்வு மையத்துக்கோ செல்லும் நிலையில் வெளியேறினர். வியன்னாவை மையமாகக் கொண்டு ஐந்து ஐரோப்பிய நாடுகளில் நடந்த மற்றோர் ஆய்வில் 275 பேர். குளிர்காற்று வீசும் மெத்தையின் துணையால் 32 முதல் 34 டிகிரியில் ஒரு முழுநாள் வைக்கப்பட்டவர்களில் 55 சதவீதத்தினர் மூளைத்திறன் நன்கு தேறினர், ஒப்பீட்டுக் குழுவில் 39 சதவீதத்தினரே தேறினர். வேறெந்த மருந்தாலும் பயன் கிட்டாதிருந்த நோய்க்கு, ஏறத்தாழ ஆறு பேரைக் குளிர்வித்தால் கூடுதலாக ஒருவர் தேறுவார் என்ற கணக்கு மருத்துவ உலகை ஈர்த்ததில் வியப்பில்லை. உயிர்மீட்புக்கான பன்னாட்டு இணைப்புக் குழு அவ்வாண்டே பரிந்துரை வழங்கியது.

பரிந்துரை எளிது, அதைக் கட்டிலருகே நிறைவேற்றுவது எளிதன்று. உடலின் வெப்பத்தை ஆளும் ஹைப்போதலாமஸ், மைய வெப்பம் 36.5 டிகிரியை ஒட்டி இறங்கியதும் தோலின் இரத்த நாளங்களைச் சுருக்கி வெப்பத்தை உள்ளே பூட்டிவைக்கிறது, 35.5 டிகிரியை ஒட்டி நடுக்கத்தைத் தூண்டுகிறது. நடுங்கும் தசைகள் ஆக்சிஜன் செலவை இரண்டு மூன்று மடங்கு உயர்த்துமாதலால், நடுக்கத்தை அடக்காத குளிர்விப்பு தன் நோக்கத்தையே கெடுத்துக்கொள்ளும். ஆகவே மயக்க மருந்துகள், பெத்திடின், மக்னீசியம், தேவைப்பட்டால் தசைகளை முற்றாகச் செயலிழக்கச் செய்யும் மருந்து எனப் படிப்படியாகச் செல்கின்றனர். உடலைக் குளிர்விக்கும்போதே கைகளையும் முகத்தையும் வெதுவெதுப்பாக வைத்து மூளையை ஏமாற்றுவதும் உண்டு. விந்தை என்னவென்றால், 34 டிகிரிக்குக் கீழே நடுக்கம் தானே தணியத் தொடங்குவதால், நோயாளியை 36இல் நிறுத்திவைப்பதைவிட 33இல் நிறுத்திவைப்பது சில வேளைகளில் எளிதாக அமையும். வெப்பத்தை உணவுக்குழாயிலோ சிறுநீர்ப்பையிலோ செருகிய உணரியால் அளக்கின்றனர். அக்குளில் வைக்கும் தெர்மாமீட்டர் இதற்கு உதவாது.

குளிர்ந்த உடலில் சிறுநீர் பெருகி, பொட்டாசியம் அணுக்களுக்குள் ஒதுங்கி இரத்தத்தில் அதன் அளவு குறைகிறது. அந்தக் குறையை ஈடுசெய்ய மருத்துவர் பொட்டாசியத்தைத் தாராளமாக ஏற்றிவிட்டால், சூடேறும்போது ஒதுங்கியதும் வெளியே வர, இரண்டும் சேர்ந்து இதயத்துக்கே ஆபத்தாகலாம். இன்சுலின் சரிவர வேலை செய்யாததால் சர்க்கரை ஏறும், இரத்தம் உறைவது தாமதமாகும், நிமோனியாவுக்கு இடமுண்டு. சூடேற்றுவது மணிக்குக் கால் முதல் அரை டிகிரிக்கு மேல் போகக் கூடாது. இவற்றைவிட நுட்பமான சிக்கல், கல்லீரலின் வேகம் குறைந்து மயக்க மருந்துகள் நெடுநேரம் உடலில் தங்கிவிடுவது. இரண்டாம் நாளில் கண் திறக்காத நோயாளியைப் பார்த்து, மருந்தின் மிச்சத்தை மூளைச் சேதம் என்று எண்ணிவிட வாய்ப்பு மிகுதி.

ஐயம் முதலில் ஸ்காண்டிநேவியாவிலிருந்து எழுந்தது. 2002 ஆய்வுகளில் நோயாளிகள் சிலரே. யார் குளிர்விக்கப்படுகிறார் என்பதைப் பராமரித்தவர்கள் அறிந்திருந்தனர். உயிர்காப்பு உதவியை எப்போது நிறுத்துவது என்பதற்குப் பிற்கால ஆய்வுகளில் இருந்ததைப் போன்ற கண்டிப்பான விதிகள் இல்லை. எல்லாவற்றையும்விட, ஐரோப்பிய ஆய்வின் ஒப்பீட்டுக் குழுவினரின் வெப்பம் இயல்பான 37இல் நிற்காமல் அதைத் தாண்டிச் சென்றிருந்தது. இதயம் மீண்டவர்களுக்கு முதல் இரண்டு நாள்களில் காய்ச்சல் வருவது வழக்கம் என்பதும், காய்ச்சல் ஏறியவர்களின் நிலை மோசமாக முடிகிறது என்பதும் வியன்னாவிலிருந்தே 2001இல் வெளிவந்த ஓர் ஆய்வால் தெரிந்திருந்தது. அப்படியானால் 2002இல் அளக்கப்பட்டது குளிரின் நன்மையா, அன்றிக் காய்ச்சலின் தீமையா? இந்தக் கேள்வியை ஒருமுறை கேட்டுவிட்டால், இரண்டு ஆய்வுகளையும் பழைய கண்ணோடு படிக்க முடியாது.

ஸ்வீடனின் நிக்லாஸ் நீல்சன் தலைமையில் ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலுமாக 36 மருத்துவமனைகளில் 950 பேரைச் சேர்த்து நடந்த ஆய்வு 2013இல் வெளிவந்தது. பாதிப்பேர் 33 டிகிரியில், மற்றவர்கள் 36 டிகிரியில். இரு குழுவினரும் கண்காணிக்கப்பட்டனர், இரு குழுவினருக்கும் காய்ச்சல் தடுக்கப்பட்டது. இறந்தோர் முறையே 50, 48 சதவீதம். மூளைத்திறனிலும் வேறுபாடு இல்லை. 36 டிகிரியும் ஒருவகைக் குளிர்விப்புதானே என்று கேட்டவர்களுக்கு விடையாக, 14 நாடுகளில் 1900 பேரைக் கொண்ட அடுத்த ஆய்வு 2021இல் வந்தது. இம்முறை ஒப்பீட்டுக் குழுவுக்குக் குளிர்விப்பே இல்லை, 37.8 டிகிரியை, அதாவது வீடுகளில் ஃபாரன்ஹீட்டில் அளக்கும் கணக்கில் 100ஐ, தொட்டால் மட்டுமே கருவி வைத்து வெப்பத்தை இறக்கினர். ஆறு மாதத்தில் இறந்தோர் மீண்டும் 50, 48 சதவீதம். உடலின் இரத்த ஓட்டத்தையே பாதிக்கும் அளவுக்குத் துடிப்புக் கோளாறு ஏற்பட்டது குளிர்விக்கப்பட்டவர்களில் 24 சதவீதத்தினருக்கு, மற்றவர்களில் 17 சதவீதத்தினருக்கு.

இடையே ஒரு குரல் மாறுபட்டும் ஒலித்தது. மின்னதிர்ச்சிக்குப் பணியாத வகை இதயநிறுத்தம் நேர்ந்தவர்களின் மீட்சி பொதுவாக மிக மோசமானது. பிரான்சில் அத்தகைய 581 பேரிடம் நடந்து 2019இல் வெளிவந்த ஹைப்பீரியன் ஆய்வில், 33 டிகிரியில் வைக்கப்பட்டவர்களில் 10.2 சதவீதத்தினரும் 37இல் வைக்கப்பட்டவர்களில் 5.7 சதவீதத்தினரும் நல்ல நிலையில் மீண்டனர். உயிர் பிழைத்தோரின் எண்ணிக்கையில் மெய்யான வேறுபாடு தெரியவில்லை. ஒரு சில நோயாளிகளின் முடிவு மாறியிருந்தாலே கணக்கு கலைந்திருக்கும். இருப்பினும் 33 டிகிரியைக் கைவிட மறுப்பவர்கள் இன்றும் சுட்டிக்காட்டுவது இதைத்தான், அவர்களைப் பிடிவாதக்காரர்கள் என்று ஒதுக்கிவிடவும் முடியாது.

எலியிலும் நாயிலும் வென்ற குளிர் மனிதரில் ஏன் வெல்லவில்லை என்பதற்குக் காலத்தைக் காரணம் காட்டுவோர் பலர். ஆய்வகத்தில் இரத்தத் தடையின்போதோ, அது நீங்கிய சில நிமிடங்களிலோ மூளை குளிர்கிறது. 2002 ஐரோப்பிய ஆய்வில் இலக்கு வெப்பத்தை எட்ட நடுநிலை அளவாக 8 மணி நேரம் பிடித்தது. அப்படியானால் விரைவுபடுத்தினால் போதுமே? அதுவும் முயன்றுபார்க்கப்பட்டது. சியாட்டிலிலும் அதைச் சுற்றிய கிங் கவுண்டியிலும் ஆம்புலன்ஸ் ஊழியர்கள் வழியிலேயே 4 டிகிரிக் குளிர்நிலையிலுள்ள உப்புநீரை இரண்டு லிட்டர் வரை நரம்பில் ஏற்றினர். 1359 பேரிடம் நடந்த அந்த ஆய்வின் முடிவு 2014இல் வெளிவந்தபோது பயன் எதுவும் தென்படவில்லை, மாறாகப் போகும் வழியில் இதயம் மீண்டும் நின்றவர்களும் நுரையீரலில் நீர் கோத்தவர்களும் கூடியிருந்தனர். அண்மையில்தான் துடிக்கத் தொடங்கிய, நலிந்த இதயத்துக்கு இரண்டு லிட்டர் நீர் சுமைதான். மார்பு அழுத்தம் நடந்துகொண்டிருக்கும்போதே மூக்கு வழியாகக் குளிர்திரவத்தை ஆவியாக்கி மூளையைக் குளிர்வித்த 2019ஆம் ஆண்டின் ஐரோப்பிய ஆய்வில், நல்ல மீட்சி 13.5 சதவீதத்திலிருந்து 16.6 ஆக உயர்ந்தாலும், 677 பேரை வைத்து அதைத் தற்செயலன்று எனக் கூற முடியவில்லை. காலமே காரணம் என்னும் வாதம் தோற்கவுமில்லை, நிறுவப்படவுமில்லை.

பிறக்கும்போது ஆக்சிஜன் இன்றித் தவித்த பச்சிளங்குழந்தைகளிடம் இதே சிகிச்சை வேறு கதை சொல்கிறது. பிறந்த 6 மணி நேரத்துக்குள் தொடங்கி 72 மணி நேரம் 33 முதல் 34 டிகிரியில் வைத்திருந்தால் இறப்பும் ஊனமும் குறையும் என்பது செல்வ நாடுகளின் பல ஆய்வுகளால் உறுதிப்பட்டது. அதை நம்பி ஏழை நாடுகளின் மருத்துவமனைகளும் அம்முறையைக் கைக்கொள்ளத் தொடங்கிய நிலையில், லண்டன் இம்பீரியல் கல்லூரியின் சுதின் தையில் தலைமையில் இந்தியா, இலங்கை, வங்கதேசம் ஆகிய நாடுகளின் 7 மருத்துவமனைகளில் ஹெலிக்ஸ் என்னும் ஆய்வு நடந்தது; சென்னை மருத்துவக் கல்லூரியும் இலங்கையின் களனிப் பல்கலைக்கழகமும் அதில் பங்கேற்றன. 408 குழந்தைகளைக் கொண்ட அந்த ஆய்வின் முடிவு 2021இல் வெளியானபோது, குளிர்விக்கப்பட்ட குழந்தைகளில் 42 சதவீதமும் மற்றவர்களில் 31 சதவீதமும் இறந்திருந்தது தெரிந்தது. இறப்பையும் ஊனத்தையும் சேர்த்துப் பார்த்தாலும் பயன் இல்லை. இந்நாடுகளில் பல குழந்தைகளுக்குச் சேதம் பிரசவத்துக்கு வெகுநேரம் முன்பே, கருப்பையிலேயே தொடங்கியிருக்கக்கூடும் என்பது முன்வைக்கப்பட்ட விளக்கங்களுள் ஒன்று; அது சரியாயின், இங்கும் குளிர் வந்து சேர்ந்தது கதவு அடைபட்ட பிறகே. ஒரு நாட்டில் நிறுவப்பட்ட சிகிச்சையை மறுநாட்டில் சோதிக்காமல் வழங்குவது அறத்துக்கு ஒவ்வாது என்று ஆய்வு தொடங்குமுன் வாதிட்டவர்களுக்கும், சோதிப்பதே அறத்துக்கு ஒவ்வாது என்றவர்களுக்கும் இடையிலான பழைய வழக்கு, இந்த எண்களோடு முதல் தரப்பின் பக்கம் சாய்ந்தது.

பெரியவர்களுக்கான ஐரோப்பிய வழிகாட்டு நெறிகள் 2022இல் திருத்தப்பட்டபோது, குளிர்விப்பு என்னும் கட்டளை அவற்றிலிருந்து நீங்கி, நினைவு திரும்பாத நோயாளிக்குக் குறைந்தது 72 மணி நேரமாவது 37.7 டிகிரிக்கு மேல் காய்ச்சல் ஏறாமல் தடுக்க வேண்டும் என்பது மட்டும் எஞ்சியது. அமெரிக்க இதயச் சங்கம் அந்த அளவுக்குச் செல்லாமல், 32 முதல் 37.5 வரை ஏதேனும் ஒரு வெப்பநிலையைத் தேர்ந்து அதில் நிறுத்துமாறு 2023இல் கூறியது. இவ்வளவு அகன்ற இடைவெளி, ஒருமித்த கருத்து இல்லாததை நாகரிகமாகச் சொல்லும் முறை. இந்த ஆய்வுகளில் குளிரைவிடப் பெரிய பயன் தந்தது அவற்றோடு வந்த பொறுமை எனலாம்: நோயாளி தேறுவாரா மாட்டாரா என்பதை 72 மணி நேரத்துக்கு முன் சொல்லக் கூடாது, கண்பாவையின் ஒளியுணர்வு, மூளை மின்னலைப் பதிவு, இரத்தத்தில் கலந்த நரம்பணு நொதியின் அளவு, ஸ்கேன் ஆகியவற்றுள் ஒன்றை மட்டும் நம்பக் கூடாது என்ற விதிகள் அவற்றினூடேதான் உறுதிப்பட்டன.

காய்ச்சலைத் தடுப்பதும்கூட இன்னும் நேரடியாக நிறுவப்பட்ட ஒன்றன்று. காய்ச்சல் மூளையைக் கெடுக்கிறதா, அன்றி மோசமாகக் கெட்டுவிட்ட மூளையின் விளைவாகத்தான் காய்ச்சல் வருகிறதா என்பதை, காய்ச்சல் வந்தவர்களையும் வராதவர்களையும் ஒப்பிடும் ஆய்வுகளால் பிரித்தறிய முடியாது. 2021 ஆய்வின் ஒப்பீட்டுக் குழுவிலேயே ஏறத்தாழ பாதிப்பேருக்குக் குளிர்விக்கும் கருவி தேவைப்பட்டது என்பதால், காய்ச்சலைத் தடுப்பது என்று சொல்லிவிட்டு மயக்க மருந்தும் கருவியும் நாள்கணக்கில் தொடர்வதும் எளிய செலவன்று. எனவே அதே ஸ்வீடன் குழுவினர் 3500 நோயாளிகளை இலக்காகக் கொண்டு 2023இல் தொடங்கிய ஸ்டெப்கேர் என்னும் ஆய்வில், ஒரு குழுவினருக்கு வெப்பம் ஏறினால் கருவி வைத்து இறக்குவதும், மற்றவர்களைக் கருவி எதுவுமின்றி வழக்கமான முறையில் கவனித்துக்கொள்வதுமாக ஏற்பாடு செய்திருக்கின்றனர். அமெரிக்காவில் 2020இல் தொடங்கிய ஐஸ்கேப் ஆய்வோ எதிர்த்திசையில், 33 டிகிரியை விட்டுவிடாமல், அதில் 6 மணி நேரம் வைப்பது நல்லதா, 72 மணி நேரம் வரை நீட்டுவது நல்லதா என்று கேட்டது.